பத்தொன்பது நாள் தூங்கிய வரைபடம்

ஜப்பானின் ஒகசாகியில் அந்தப் பம்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் இன்றைக்கும் எங்காவது சந்தித்துக்கொண்டால், பேச்சு எப்படியும் பழைய கிடங்கு அறைக்குத்தான் போய்ச் சேரும். 1993இன் இலையுதிர் காலம் அது. தொகாரி ஃபுசாகோவுக்கு அப்போது முப்பத்தாறு வயது. மூன்றாம் மாடியில் பம்பு பாகங்களுக்கு வரைபடம் போடுகிற வேலை.

புதிய காருக்கான பம்பு வசந்தத்துக்குள் தயாராக வேண்டும். ஆனால் வேலை இரண்டு மாதம் பின்தங்கிக் கிடந்தது. பொறுப்பாளர் ஹிபினோ அதிகம் பேசாதவர். யாரையும் திட்டவில்லை. ஃபுசாகோ முடித்த ஒரு வரைபடத்தின் பின்னாலேயே மேசை மேசையாக நடந்தார். திரும்பி வந்து சொன்னார்:

"தொகாரி சான், இந்தத் தாள்ல எல்லாரும் சேர்ந்து வேலை பார்த்தது மொத்தமே நாலு மணி நேரம். மேலதிகாரிங்க முத்திரைக்காக ட்ரேயில கிடந்தது பத்தொம்பது நாள்."

"அப்ப நாங்கல்லாம் சோம்பேறிங்களா?"

"நீங்க இல்ல. தாள்தான் தூங்குது."

அடுத்த வாரமே கிடங்கு அறை காலியானது. வரைபடக்காரர்கள், பம்பை வார்க்கும் இரும்பு அச்சு செய்பவர்கள், பொருள் வாங்குபவர்கள் என்று பதினான்கு பேரும் ஒரே அறையில். சுவர் முழுக்க வேலை அட்டவணை. ஒருவர் கையில் ஒரே சமயத்தில் இரண்டு வேலைக்கு மேல் கூடாது. யாராவது சிக்கிக்கொண்டால் சிவப்புத் தாள் ஒட்ட வேண்டும்; மற்றவர்கள் உடனே வந்து பார்க்க வேண்டும்.

பத்து நாள் ஆகியும் ஒரு சிவப்புத் தாள்கூட ஏறவில்லை. தன் கோளாறைத் தானே சுவரில் ஒட்ட யாருக்கு மனம் வரும்? ஹிபினோ தினமும் வெறும் சுவரைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நல்லா நடக்குதுன்னா ஏன் இன்னும் லேட்?" என்று மட்டும் கேட்பார்.

ஒரு வியாழக்கிழமை ஃபுசாகோ தன் தவறைக் கண்டுபிடித்தாள். போல்ட் துளை ஒன்று விளிம்புக்கு மிக அருகில் இருந்தது. அந்த அளவில்தான் திங்கட்கிழமை அச்சு வெட்டப்போகிறார்கள். வெட்டுகிறவர் மகோஷி. அவர் கத்தினால் கண்ணாடி அதிரும் என்பார்கள். மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்துபோய்ச் சிவப்புத் தாளை ஒட்டினாள். தாள் கோணலாக நின்றது.

மகோஷி எழுந்து வந்து வாசித்தார்.

"இது உன் வேலையா?"

"ஆமா. என் தப்புதான். மன்னிச்சிடுங்க."

"இன்னும் இரும்புல கை வைக்கலயேம்மா. வெறும் பென்சில் கோடு. அழிச்சா போச்சு." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அந்தச் சிவப்புத் தாள்ல எனக்கும் ஒண்ணு குடு. என் அச்சு முடிய மூணு வாரம் லேட்டாகும். போன மாசமே தெரியும். சொல்ல வெக்கமா இருந்துச்சு."

பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார். அன்று சாயங்காலத்துக்குள் சுவரில் பதினொரு சிவப்புத் தாள்கள். ஹிபினோ முதல்முறையாக நிம்மதியாகத் தெரிந்தார்.

வேலை ஓட ஆரம்பித்தது. துளையை நகர்த்தியதோடு, அச்சையும் இரண்டு துண்டாக்கிச் செய்யலாம் என்று ஃபுசாகோ சொன்ன யோசனையால் மகோஷிக்கு இரண்டு வாரம் மிச்சமானது. சுடச்சுட மிசோ உதோன் நூடுல்ஸ் வரவழைத்து, வரைபடங்களில் சாறு தெறிக்காமல் தள்ளி உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டே சாப்பிட்ட குளிர்காலம் அது. ஏப்ரல் முதல் வாரத்தில் பம்பு தயாரானது.

அதோடு அறையும் கலைந்தது. ஹிபினோவை வேறு ஊருக்கு மாற்றினார்கள். ஃபுசாகோ மூன்றாம் மாடிக்குத் திரும்பினாள். ஜன்னலோர மேசை, நல்ல வெளிச்சம், யாரும் தொந்தரவு செய்யவில்லை. அந்த அமைதியை அவளால் தாங்க முடியவில்லை. மூன்றாம் நாள், காரணம் எதுவும் இல்லாமல் கீழே அச்சுப் பட்டறைக்கு இறங்கிப் போனாள்.

மகோஷி நிமிர்ந்து பார்த்தார். "என்ன, எங்கயாவது சிக்கலா?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

அவர் ஒரு முக்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளினார். "நானும் இப்பத்தான் மேல வரலாமான்னு யோசிச்சேன். உக்காரு."