கடலுக்கு இஞ்ச் டேப்

தூண்டிலும் இறால் பொட்டலமுமாக அவள் தடுப்புச் சுவரில் ஏறி நின்றபோது அங்கே கடல் இல்லை. ஞாயிறு காலை ஏழு மணி. அலையடிக்க வேண்டிய இடத்தில் ஈரமணல் பளபளத்துக் கிடந்தது. தண்ணீர் எங்கோ தள்ளி, கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் முனகிக்கொண்டிருந்தது.

"ஏங்க, ஏழு மணிக்கு நிறையும்னீங்களே?"

புருஷன் கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பைத் தடவினான். தையல்காரன், குளிக்கும்போது மட்டும்தான் அது இறங்கும். "போன ஞாயிறு ஏழுக்குத்தானே நிறைஞ்சுது?"

"தெனம் முக்கா மணிக்கு மேல தள்ளித் தள்ளிப் போகும். ஒரு வாரத்துல, நிறையுற நேரம் வத்துற நேரமாயிடும்."

"எங்க தொழில்ல ஒருதரம் அளவெடுத்தா அதேதான்."

"உங்ககிட்ட சட்டை தைக்கக் குடுக்கிறவன் தொப்பை தெனம் ரெண்டு தரம் ஏறி எறங்குதா?"

வழக்கமாக நேரம் பார்ப்பவள் அவள்தான். இந்த வாரம் கிடங்கில் இரட்டை ஷிப்ட் வந்து, அவனை நம்பும்படி ஆகிவிட்டது. மூட்டை தூக்குகிறவள். கூட வேலை செய்கிறவர்கள் 'கிரேன்' என்றுதான் கூப்பிடுவார்கள். தனக்கென்று ஆசைப்பட்டு அவள் வாங்கிய ஒரே பொருள் இந்தத் தூண்டில். ஐந்து ஞாயிறாக ஒரு பொடிமீன்கூட இல்லை. "சும்மாத்தானே கெடக்கு, எனக்குக் குடுங்க அண்ணி" என்று நச்சரித்த கொழுந்தனிடம், இன்றும் வெறுங்கை என்றால் சாயங்காலம் எடுத்துக்கொள் என்று வாயை விட்டிருந்தாள். அவன் தூண்டிலுக்குப் பை தைத்துத் தரச் சொல்லி அண்ணனிடம் துணியே கொடுத்துவிட்டான்.

வீட்டுக்குப் போக மனமில்லாமல் மணலில் இறங்கி நடந்தாள். கொஞ்ச தூரத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு நீளப் பள்ளம். தேங்கிய தண்ணீரில் குட்டி நண்டுகள், புழுக்கள், கண்ணாடி போன்ற பொடி இறால்கள். அதைத் தாண்டி வெகுதூரத்துக்கு வெறும் மொட்டை மணல். அந்த மொட்டையில் அவளுடைய தூண்டில் ஈயக்குண்டு ஒன்று, போன வாரம் அறுந்துபோனது, வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

அவள் இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். "மீனுக்குப் பந்தி இங்க நடக்குது. நான் அடுத்த தெருவுல பரிமாறிக்கிட்டு இருந்திருக்கேன்."

"உன் கை அப்படி. மெதுவா வீசுனு சொன்னா கேட்டியா?"

"எப்ப சொன்னீங்க?"

"மனசுல சொன்னேன்."

அவன் மண்டியிட்டு, சுவரிலிருந்து பள்ளம்வரை டேப்பை மாற்றி மாற்றிப் போட்டு அளந்தான். பதினெட்டு டேப்பு, மேலே ஏழு இஞ்ச். அந்த ஏழு இஞ்சையும் அவன் விடவில்லை. பிறகு தூண்டில் நரம்பை அதே அளவுக்குச் சுவரின்மேல் இழுத்துப் பிடித்து, சட்டைப்பையிலிருந்த சிவப்பு நூலால் முடிச்சுப் போட்டான்.

தண்ணீர் ஏறும்வரை மூன்று மணி நேரம் சுவரில் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் பள்ளத்துக்குள் நாக்கு நீட்டியது. பிறகு மணல் திட்டுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. கடைசியில் பள்ளம் எங்கே என்று அவர்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஓங்கிய கையை அவள் பாதியில் அடக்கி, குழந்தைக்குப் பந்து போடுவதுபோல வீசினாள். சிவப்பு நூல் விரலைத் தாண்டியதும் அழுத்திப் பிடித்தாள்.

"பதினெட்டு" என்றான் அவன்.

"ஏழு இஞ்ச்?"

அவன் பதில் சொல்வதற்குள் தூண்டில் கொம்பு வளைந்தது. அவளைக் கேட்காமல் அவள் கால் ஓரடி முன்னே நகர்ந்தது. இத்தனை வருஷத்தில் எந்த மூட்டையும் அவளைத் திருப்பி இழுத்ததில்லை. "விடாத, விடாத!" என்று கத்திக்கொண்டே அவன் நல்ல பேண்ட்டோடு தண்ணீரில் குதித்தான். அவன் தலைக்கு மேலே நரம்பு விறைத்து, வெயிலில் மின்னி, கடலைக் கத்தரிப்பதுபோல இடதுபக்கமாக ஓடியது.