கதவில் எழும்பிய கை

தையல் ஆலையை மூடியபோது அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. வேறு போக்கிடம் இல்லாமல் தங்கையின் பெயிண்ட் பட்டறைக்கு வந்து நின்றாள். சின்னச் சரக்கு வண்டிகளின் ஃபைபர் கதவுகளுக்கும் பானெட்டுகளுக்கும் பெயிண்ட் அடிக்கும் இடம்.

“தையல் மெஷின்ல ஓடின கைதானே, பழகிடும்,” என்று தங்கை ஸ்ப்ரே கன்னைக் கொடுத்தாள்.

பழகத்தான் இல்லை. வார்க்கும்போது அச்சில் ஒட்டாமலிருக்கத் தடவிய மெழுகு ஃபைபரின் மேலேயே இருக்கும். அதைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்து, காய்ந்ததும் மறுபடி தேய்க்க வேண்டும். அப்புறம்தான் பெயிண்ட். கன் ஒரு சாண் தள்ளியே போக வேண்டும். கை நின்றால் வழியும். முதல் வாரம் அவள் அடித்ததெல்லாம் அழுது வீங்கிய முகம் மாதிரி இருந்தது. தங்கைக்குச் சிரித்து மாளவில்லை.

எட்டாம் நாள் ஒரு கதவு சரியாக வந்தது. பால் வெள்ளை. முகமூடியைக் கழற்றிவிட்டு அக்கா ரசித்துக்கொண்டு நிற்கும்போதே நடுவில் நான்கு விரல்கள் தெரிந்தன. பிறகு ஓர் உள்ளங்கை.

கையெண்ணெய் பட்ட இடத்தில் பெயிண்ட் பிடிக்காது, தொட்டிருப்பாய் என்று தங்கை கடிந்துகொண்டாள். அக்கா தொடவில்லை. ஆனாலும் மொத்தத்தையும் தேய்த்தெடுத்து, கையுறை போட்டு மறுபடி அடித்தாள். மறுநாள் கை இன்னும் தெளிவாக இருந்தது. மூன்றாம் முறை தங்கையே அடித்தாள். ஈரம் காயுமுன்பே, இருவரும் பார்க்கப் பார்க்க எழும்பி வந்தது. கட்டைவிரல் பாதிதான் இருந்தது. அக்கா புறங்கையை அருகில் கொண்டுபோனாள். காய்ச்சல்காரர் நெற்றி போலச் சூடு.

தெருக்கோடியில் ஃபைபர் வார்ப்பவரை எல்லோரும் ‘அரைவிரல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். இந்தக் கதவும் அவர் வார்த்ததுதான். தங்கை போய் அவரைக் கூட்டிவந்தாள்.

கதவைக் கண்டதும் அவர் நின்றுவிட்டார். யாரும் சொல்லாமலே வலது கையை அதன்மேல் வைத்தார். அச்சு அசலாகப் பொருந்தியது. எடுக்கவில்லை.

“எடுங்கண்ணே,” என்றாள் தங்கை.

“விட மாட்டேங்குதும்மா.”

அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பலங்கொண்ட மட்டும் இழுத்தாள். கை வந்துவிட்டது. அந்த ஈரப் பெயிண்டில் ஒரு சொட்டுகூட உள்ளங்கையில் ஒட்டியிருக்கவில்லை.

கவிழ்த்த டப்பாவில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்தபின் சொன்னார். இதை வார்த்த அன்று பட்டறையில் அவர் ஒருத்தர்தான்.

“ஃபைபரை அச்சுக்குள்ள வெச்சு அழுத்தினேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை திருப்பி அழுத்துச்சு. என் கை மாதிரியே இருந்துச்சும்மா.”

அன்றைக்கே கதவைத் துண்டு துண்டாக வெட்டினார்கள். உள்ளே வெறும் ஃபைபர். அதே அச்சில் புதுசு வார்க்க வேண்டியிருந்தது. தனியாக முடியாது என்று அவர் அக்காவைத் துணைக்குக் கேட்டார். அவள் போனாள். பாதி வேலையில் அச்சுக்குள் அவர் கை அசையாமல் நின்றது. முகம் வெளுத்திருந்தது. அக்கா அவர் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கை நகர்ந்தது. 

அந்தப் புதுக் கதவுக்கு அக்கா மூன்று கோட் அடித்து, காயும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. ஒரு வழிசல்கூட இல்லை என்று தங்கை முதுகில் தட்டிவிட்டு, திருப்பி உள்பக்கத்தையும் பார்க்கச் சொன்னாள்.

பார்த்தாயிற்று என்று அக்கா பொய் சொன்னாள்.