மணியக்காரர் ஏர் பூட்டாத ஆடி

யுத்தத்தால் ரங்கூன் அரிசி நின்றுபோன வருஷம் அது. நாலு ஊர் மணியக்காரர்களைச் சேலத்துத் தாலுகா கச்சேரிக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. எதற்கென்று வந்த ஆளுக்கே தெரியவில்லை. ஊஞ்சக்காட்டு மணியக்காரர் கருப்பண்ணன் வரிக்கணக்கில்தான் ஏதோ கோளாறு என்று எண்ணிக்கொண்டு, சலவை வேட்டியும் தலைப்பாகையுமாக வெண்ணந்தூருக்கு நடந்து, கரியில் ஓடும் பஸ்ஸைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தார்.

கச்சேரி வேப்பமரத்தடியில் நாலு பேரையும் உட்காரவைத்து, ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். கருப்பண்ணன் போனபோது அறையில் பட்டாளத்துத் துரை ஒருவரும் தாசில்தாரும் இருந்தார்கள். மேஜைமேல் ஒரு நிலப்படம் விரித்திருந்தது. அதில் பாதியைத் துரை ஒரு தடித்த புத்தகத்தால் மூடிவைத்திருந்தார். துரை இங்கிலீஷில் நிறையப் பேசினார். தாசில்தார் தமிழில் கொஞ்சமாகச் சொன்னார். ஊஞ்சக்காட்டுக்கு மேற்கே இருக்கிற மேட்டுக்காடு பூராவும் பட்டாளத்துக்கு வேண்டியிருக்கிறது. புரட்டாசியில் வந்து எல்லை அளந்து கொடி நடுவார்கள். எதற்கு என்று கேட்கக் கூடாது. மணியக்காரர் ஊர்ப்படத்தைத் தயாராக வைத்திருக்க வேண்டும். பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடக் கூடாது. விட்டால் யுத்தகாலச் சட்டப்படி ஜெயில்.

"இவ்வளவுதானுங்களா?" என்று கேட்டார் கருப்பண்ணன்.

"உமக்கு இவ்வளவுதான்" என்றார் தாசில்தார். ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

நாலு பேரும் ஒரே பஸ்ஸில்தான் திரும்பினார்கள். மற்ற நாளாக இருந்தால் மாட்டு விலை, சம்பந்தப் பேச்சு என்று வண்டி குலுங்கியிருக்கும். அன்றைக்கு யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மற்றவர்களைப் பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கவோ தீவனம் கேட்கவோ கூப்பிட்டிருப்பார்கள், இடி விழுந்தது நம் ஊருக்கு மட்டும்தான் என்று கருப்பண்ணன் நினைத்தார். பக்கத்தில் இருந்தவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பயம் வந்துவிட்டால் மனுஷனுக்கு வாய் மட்டுமா அடைத்துக்கொள்கிறது, புத்தியும்தான்.

ஊஞ்சக்காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆடியில் முதல் மழை விழுந்ததும் மணியக்காரர் வீட்டு ஏர்தான் முதலில் மேட்டுக்காட்டில் இறங்கவேண்டும். அவர் ஒரு சால் ஓட்டி, ஒரு கை சோளம் தெளித்துவிட்டு வெளியே வந்த பிறகுதான் மற்ற ஏர்கள் இறங்கும். முந்திக்கொண்டு எவன் இறங்கினாலும் ஊர் மாடுகளுக்கு ஆகாது என்று நம்பிக்கை. அப்படி முந்தியவர்கள் யாரும் இல்லை.

அந்த ஆடியில் மழை ஒரு குறையும் வைக்கவில்லை. ராத்திரி பூராவும் கொட்டி, விடியும்போது மண் பதமாக இருந்தது. கருப்பண்ணன்தான் திண்ணையை விட்டு எழவில்லை. வீட்டுக்கு வீடு குதிரின் அடியில் விதைச்சோளம்தான் மிஞ்சிக் கிடந்தது. அதையும் கொண்டுபோய்ப் பட்டாளத்தான் மிதிக்கப்போகிற காட்டில் இறைத்துவிட்டால், அப்புறம் ஊர் எதைக் காய்ச்சிக் குடிக்கும்? சொல்லவும் முடியாது, சும்மா பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாது. யோசித்து யோசித்து அவருக்கு ஒரு வழி தோன்றியது. வாயைத் திறக்கக் கூடாது என்றுதானே கையெழுத்து வாங்கினார்கள்? ஏர் பூட்டியே ஆகவேண்டும் என்று யாரும் வாங்கவில்லையே. அவர் பூட்டாவிட்டால் ஊரும் பூட்டாது. விதை மிஞ்சும், சட்டமும் மீறவில்லை. இப்படி ஒரு யோசனை தனக்கு வந்ததே என்று அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மனைவி உண்ணாமலை வந்து நின்றாள். "மாட்டக் கழுவி நிறுத்தியாச்சுங்க. நொகத்துக்கு மஞ்சத் தண்ணியும் கரச்சு வெச்சிருக்கறேன். இன்னும் ஏனுங்க உக்காந்திருக்கறீங்க?"

"இந்த வருசம் பூட்டலே."

"ஒடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதுங்களா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லே. மாட்ட அவுத்துக் கட்டச் சொல்லு."

அவள் மஞ்சள் தண்ணீரைக் கொண்டுபோய் முருங்கை மரத்தடியில் ஊற்றினாள். சேதி ஊர் பூராவும் பரவியது. அம்மன் ஏதோ கெட்ட குறி காட்டியிருக்கிறாள், மணியக்காரர் சொல்ல மனமில்லாமல் அடக்கிவைத்திருக்கிறார் என்று ஊரே முடிவுகட்டிக்கொண்டது. கருப்பண்ணனின் மைத்துனர் காளியப்பன் மட்டும் வந்து, அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீங்க பண்ணுனா செரியாத்தான் இருக்கும் மாப்ளே" என்று திரும்பிப் போனார்.

பாவாயி அப்படிப் போகவில்லை. அவள் கருப்பண்ணனின் தங்கை. உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்து, புருஷனைப் பறிகொடுத்து, பிள்ளைகளோடு மேட்டுக்காட்டில் துண்டு நிலத்தை வைத்துப் பிழைத்துவந்தவள்.

"ஏனுங்கண்ணா, மழ பேஞ்ச காட்ட எதுக்குங்க ஆறப் போடறது?"

"காரணம் இருக்குது அம்மிணி."

"இருக்குமுங்க. காரணமில்லாம நீங்க எதையும் பண்ண மாட்டீங்க. அத எனக்குச் சொல்லிப்போடுங்க, நானும் கம்முனு கெடக்கறேன்."

"சொல்றதுக்கில்ல பாவாயி. சோளம் வேணும்னா நம்மூட்டுல வந்து அள்ளிக்க."

"இந்த வருசத்துக்கு அள்ளிக்குவேனுங்க. அடுத்த வருசம்?" அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "சொல்லாத காரணத்தக் காச்சி என்ற புள்ளைங்களுக்கு ஊத்த முடியாதுங்கண்ணா."

சொல்லிவிடலாமா என்று அவருக்குத் தோன்றியது. ஜெயில் கதவு கண்முன் வந்து நின்றது. எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாளே பாவாயி மூத்த மகளைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்காட்டில் இறங்கினாள். ஏரைத் தொட்டால்தானே குற்றம்? மண்வெட்டியால் கொத்தினாள். கொத்திய இடத்தில் சோளத்தைப் போட்டு மூடினாள். கை கொப்பளித்து, துணி சுற்றிக்கொண்டு மறுபடியும் கொத்தினாள். ஊருக்குப் பொறுக்கவில்லை. ஏர் இறக்கினால் என்ன, மண்வெட்டி இறக்கினால் என்ன, மணியக்காரரை முந்தியது முந்தியதுதானே என்று கூட்டம் கூடியது. பொதுக்கிணற்றில் அவள் குடம் வைக்கக் கூடாது என்றார்கள். சொல்லிவிட்டு எல்லோரும் கருப்பண்ணன் வாயைப் பார்த்தார்கள்.

தங்கைக்காகப் பேசினால், அப்படியானால் நீங்கள் ஏன் பூட்டவில்லை என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்து, "உங்க இஷ்டம்" என்றார். கூடப்பிறந்தவளைத் தண்ணீருக்கு அலையவிட்ட அந்தச் சொல்லுக்கு மன்னிப்பே கிடையாது. அது அவருக்கும் தெரியும். பாவாயி வெகுதூரம் நடந்து ஓடைக்குழியில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்துவந்தாள். அவள் குடத்தோடு போவதைப் பார்க்கும்போதெல்லாம், கொடி நட்டதும் இவளுக்குப் புரிந்துவிடும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார் கருப்பண்ணன்.

மற்றவர்கள் விதைச்சோளத்தைப் பத்திரமாக வைத்திருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. பஞ்ச காலத்தில் குதிரில் இருப்பது குதிரிலேயே இருக்குமா? உரலுக்குப் போய்க் கூழாகிவிட்டது. புரட்டாசி வந்தபோது மேட்டுக்காடு முழுவதும் அருகும் கோரையும் மண்டிக் கிடந்தன. நடுவில் பாவாயியின் சோளம் மட்டும் இடுப்பளவு நின்றது.

சொன்னபடியே ஒரு நாள் காலையில் லாரியில் வந்து இறங்கினார்கள். துரை, தாசில்தார், சங்கிலி பிடிக்கிற ஆட்கள், கட்டுக்கட்டாகச் சிவப்புக் கொடிகள். கருப்பண்ணன் ஊர்ப்படத்தோடு கூடவே நடந்தார். கொடி வரிசை நேராகப் போய்ப் பாவாயியின் காட்டோரம் வந்ததும் துரை கையை உயர்த்தினார். ஆட்கள் வளைந்துகொண்டு அந்தக் காட்டை வெளியே விட்டுக் கொடி நட்டார்கள்.

"இது ஏனுங்க சாமி?" என்றார் கருப்பண்ணன்.

"பயிர் நிக்குதே" என்றார் தாசில்தார். "வெளையிற நெலத்துல கை வைக்கப்படாதுன்னு மேலேயிருந்து கண்டிப்பான உத்தரவு. ரங்கூன் அரிசி நின்னு போச்சில்லையா." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஏன் மணியக்காரரே, ஊரே தரிசாக் கெடக்குது? மழை இல்லையா?"

"பேஞ்சுதுங்க."

"நாலு ஊர் பார்த்து வெச்சிருந்தோம். எல்லாம் ஒரே மாதிரி மேடுதான். மத்த மூணும் பச்சைப் பசேல்னு நிக்குது. உம்ம ஊர்தான் தோதா அமைஞ்சது."

கருப்பண்ணன் திரும்பித் தரிசாகக் கிடந்த காட்டைப் பார்த்தார். கையிலிருந்த படத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "அத அன்னிக்கே எங்களுக்குச் சொல்லியிருக்கலாமுங்களே."

"சொன்னா நாலு ஊர்லயும் சாமர்த்தியமா ஒரு மூலை விடாம வெதச்சுடுவீங்க. அப்புறம் பட்டாளம் எங்கய்யா போகும்? அதனாலதான் அது ரகசியம். இப்பவும் ரகசியம்தான், ஞாபகம் வெச்சுக்கும்." அவர் கெட்ட மனுஷர் இல்லை. கருப்பண்ணன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு லாரியில் ஏறினார்.

ரகசியத்தில் பாதியைக் கொடுத்து, மீதிப் பாதியைத் துரை புத்தகத்துக்கு அடியில் வைத்துக்கொண்டார். மூன்று ஊர் மணியக்காரர்கள் பயத்தில் பேசாமல் எப்போதும்போல ஏர் பூட்டினார்கள், அவர்கள் ஊர் பிழைத்தது. கருப்பண்ணன் ஊருக்கு நல்லது செய்ய நினைத்தார். அவர் நினைத்த நல்லதே அந்த நிலத்தைத் துடைத்துத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டது.

சாயங்காலம் அவர் வாசலில் ஊர் கூடியது. அழுகிறவர்கள் அழுதார்கள். ஆனால் கருப்பண்ணனைக் கண்டதும் எல்லோரும் எழுந்து கும்பிட்டார்கள். சண்டை போட வந்தவர்கள் இல்லை.

"உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குது" என்றார் காளியப்பன். அவருடைய மேட்டுக்காடு மொத்தமும் கொடிக்குள் போயிருந்தது. "வாய் தொறக்க முடியாம, ஏரு பூட்டாம எங்களுக்குச் சாடை காட்டியிருக்கறீங்க. உங்க புண்ணியத்துல வெதையாச்சும் எங்க வயித்துக்குப் போச்சு. இல்லீன்னா அதையுமில்ல மண்ணுல போட்டிருப்போம்."

பின்னால் நின்ற செல்லியம்மாள், கிணற்றடியில் பாவாயியின் குடத்தை முதலில் நகர்த்தி வைத்தவள், "சொல் கேக்காதவ காட்டுக்குக் கொடி நடலே பாருங்க. அம்மன் கண்ணு அவிஞ்சு போச்சு" என்றாள்.

கருப்பண்ணன் நினைத்திருந்தால் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு காலத்தை ஓட்டியிருக்கலாம். ஊருக்குத் தெரியப்போவதில்லை. தாசில்தாரும் சொல்லப்போவதில்லை. இந்தத் தடவை பேசாமலிருக்கச் சட்டமும் அவர் பக்கமே இருந்தது. அவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"அம்மனச் சொல்லாதீங்க. பயிரு நின்ன காட்ட எடுக்கக் கூடாதுன்னு உத்தரவு. வெதச்சிருந்தா ஒரு குழி நெலம் போயிருக்காது. நாலு ஊரப் பாத்து வெச்சிருந்தாங்களாம். நம்மூரு தரிசாக் கெடந்துச்சு, வந்தாங்க. தரிசாப் போட்டது நாந்தான்."

பிறகு கச்சேரியில் நடந்தது, கையெழுத்துப் போட்டது, பாவாயி வந்து கேட்டது, எதையும் விடாமல் சொன்னார். ஜெயிலுக்குப் போகும்படியான பேச்சை நடு வாசலில் நின்று உரக்கவே சொன்னார். செல்லியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். திட்டுவார்கள், மண்ணை வாரி இறைப்பார்கள் என்று அவர் காத்திருந்தார். யாரும் ஒன்றும் செய்யவில்லை.

காளியப்பன்தான் முன்னால் வந்து கேட்டார். "அன்னிக்கே எங்க கிட்டச் சொல்லியிருந்தா உங்கள என்ன பண்ணியிருப்பாங்க மாப்ளே?"

"செயில்ல போட்டிருப்பாங்க."

"எத்தன நாளைக்கு?"

"ஒரு வருசமோ ரெண்டு வருசமோ. தெரியலீங்க."

காளியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் குரலில் கோபம் துளிக்கூட இல்லை. அதைத்தான் கருப்பண்ணனால் தாங்க முடியவில்லை.

"அத்தன நாளும் உங்க காட்டையும் சேத்தி நாங்க உழுதிருப்பமுங்க" என்றார் காளியப்பன். "உங்க ஊட்டு அடுப்ப அணைய விட்டிருப்பமுங்களா?"

சொல்லிவிட்டு அவர் நடந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து, அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.