கோபுக்கு ஐந்து

1

இந்தக் கதை எனக்கு ஒரு காருக்குள் கிடைத்தது. வெளியே தூறல், மடியில் தாள் செருகிய அட்டை, பக்கத்தில் குதிரைப் போட்டி நடுவர் திருமதி பெம்பர்ட்டன். அவர் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். அந்த வேலைக்கு, நான் குடியேறிய இந்தச் சீமையில், பெயரே 'எழுத்தாளர்' என்பதுதான். சிரிக்காதீர்கள். இருபது வருடமாகக் கதை எழுதுகிறேன், என்னை எழுத்தாளர் என்று கூப்பிட்டவர்கள் இவர்கள் மட்டும்தான்.

வாரநாளில் எனக்கு டாக்டர் கிளினிக்கில் ரிசப்ஷன் மேசை. ஞாயிற்றுக்கிழமை இந்தக் கார். டிரெசாஜ் போட்டியில், எழுத்துப் பலகைகள் நட்ட மணல் திடலுக்குள் குதிரை சொன்ன இடத்தில் சொன்ன நடை நடந்து காட்ட வேண்டும். ஒவ்வொரு அசைவுக்கும் பத்துக்கு இத்தனை என்று நடுவர் எண் சொல்வார், ஏன் என்றும் ஒரு வரி சொல்வார். எழுத்தாளருக்கு அபிப்பிராயம் கிடையாது, கை மட்டும்தான் உண்டு.*

* இது விதி. நான் அதை மீறினேனா என்பதுதான் கதை. இதை ஆறாம் பகுதி வரை மறைத்து வைக்க நினைத்தேன், முடியவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கால் குட்டைதான், கழுத்து தடிதான், ஆனால் அந்தக் குதிரையின் கண்ணில் ஒரு ராஜகளை—"

அடித்துவிட்டேன். ராஜகளையும் இல்லை, ஒன்றும் இல்லை. எப்போது பார்த்தாலும் தின்ன ஏதாவது கிடைக்குமா என்கிற பார்வைதான்.

அடுத்து: "கோப் என்பது—"

இங்கே வேறு சிக்கல். தமிழில் உருபு சேர்த்தால் கோபு ஆகிவிடுகிறது, உங்களுக்கு மாடி வீட்டு கோபு மாமா ஞாபகம் வந்துவிடுவார். அவர் இல்லை. கோப் என்றால் குட்டையாய், பருத்து, குளம்பின் மேல் முடி தொங்கும் குதிரை. பால் வண்டியும் கரி வண்டியும் இழுத்த பரம்பரை. டிரெசாஜ்காரர்கள் வைத்திருப்பதெல்லாம் ஜெர்மனியில் பிறந்த நெட்டைக் கால் குதிரைகள். நம் மொழியிலேயே 'சாதிக் குதிரை' என்று ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் யாரைக் குறை சொல்ல? இங்கேயும் குதிரைக்குத் தாத்தா பேர் கேட்கிறார்கள்.

இந்தக் குதிரையின் பெயர் டம்ப்ளிங். நம் கணக்கில் கொழுக்கட்டை.

3

டெலித் ப்ரோபர்ட்டுக்கு வயது ஐம்பத்து மூன்று, தபால் வேன் ஓட்டுகிறாள். டம்ப்ளிங் அவளுடையது இல்லை. லாயக்காரர் எமிர் ப்ரொசருடையது. புருஷன் செத்த வருஷம் அதற்குத் தீனி வைக்கப் போனவள், நாலு வருடம் அதை விட்டு நகரவில்லை. விடிகாலையில் தபால் எடுக்கப் போகும் முன் ஒரு மணி நேரம், அந்தப் பருத்த உடம்பை வளையவும் நிற்கவும் பழக்கினாள்.

"இங்க பாரு டெலித், அது வண்டிக்குன்னு பொறந்தது. அதைப் போய் டான்ஸ் ஆடச் சொல்றியே."

"ஆடுதே எமிர். ஒரு தடவ வந்து பாரேன்."

"ஆடும்மா ஆடும். எங்க மாமியாருந்தான் என் கல்யாணத்துல ஆடினாங்க. அதுக்காக அவங்களப் போட்டிக்கா அனுப்பினோம்?"

"சிரிக்காத. விக்கப் போறேன்னு சொன்னியே, அது நெஜமா?"

"மலைச் சவாரிக்காரன் கேக்குறான். கோடைல வர்ற தடியனுங்கள ஏத்த இந்த முதுகுதான் அவனுக்கு வேணும்."

"ஒரே ஒரு போட்டி. ஞாயித்துக்கிழமை."

எமிர் யோசித்தார். "வட்டாரப் போட்டிக்குப் போக அறுபத்து நாலு சதவீதம் வேணும். அதை வாங்கிடுச்சுன்னா உங்கிட்டயே இருக்கட்டும். வாங்கலன்னா அழக் கூடாது."

"வாக்கு?"

"வாக்குதான் போ."

(இந்தப் பேச்சை நான் கேட்கவில்லை, டெலித் பிறகு சொன்னது. மாமியார் மட்டும் என் கைச்சரக்கு.)

4

கதைக்கு ஒரு வில்லன் வேண்டும். "திருமதி பெம்பர்ட்டனின் உதடு இகழ்ச்சியில் சுழி—"

சுழிக்கவில்லை. நல்ல மனுஷி, தன் பிளாஸ்க்கிலிருந்து எனக்குத்தான் முதலில் டீ ஊற்றுவார். அன்று காலை டம்ப்ளிங்குக்கு முன் மூன்று கோப் குதிரைகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரே வாசகம்: "சமத்து. கோபுக்கு இது நல்லாவே இருக்கு." எண் மட்டும் ஐந்து.

அந்தக் 'க்கு' எனக்குப் பழக்கமானது. "உங்க இங்கிலீஷ் அருமையா இருக்கு மங்கை, வெளியிலேர்ந்து வந்தவங்களுக்கு" என்று இதே வாயால் என்னையும் பாராட்டியிருக்கிறார். அப்படிச் சொன்ன அன்று இரவெல்லாம் எரிச்சலாக இருந்தது. ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது கோப் வருவதற்குள், அவர் சொல்லும் முன்பே என் கை ஐந்து போட ஆரம்பித்திருந்தது.

"நான் வாயத் தொறக்கறதுக்குள்ள எழுதிடுறீங்களே!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியதில் எனக்குச் சந்தோஷம்.

5

டெலித்தைச் சுமந்துகொண்டு டம்ப்ளிங் உள்ளே வந்தது. கொழுத்த கழுத்தில் பிடரி மயிரை வரிசையாய்ப் பின்னி முடிந்திருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் எமிர் குடை பிடித்து நின்றார். துள்ளு நடைக்கு அந்தத் தாளில் இரட்டை மதிப்பு, அது வந்தபோது திருமதி பெம்பர்ட்டன் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, "ஐந்து" என்றார்.

இந்தக் கதையை இப்படி மூன்று முறை எழுதி முடித்திருக்கிறேன். நடுவருக்குக் கண்ணில்லை, கோப் தோற்றது, டெலித் அழுதாள். கதை நன்றாகவே வந்தது. படித்த தோழி ஒருத்தி மூக்கைச் சிந்தினாள்.

6

அவர் ஏழு என்றார்.

"ஏழு. அப்பா, என்ன சீரான ஓட்டம்!" என்றார். என் பேனா அதற்குள் ஐந்து போட்டிருந்தது.

காதில் விழவில்லை என்று சொல்லிவிடலாம். விழுந்தது. கோபுக்கு ஏழா, ஆறு என்று குறைத்துக்கொள்வார் பார் என்று தோன்றியது. அப்படித் தோன்றியது எனக்கு, அந்தக் 'க்கு'வை வாங்கிக் கட்டிக்கொண்டவளுக்கு. ஒரு எண்ணைத் திருத்தினால் பக்கத்தில் நடுவர் கையெழுத்துப் போட வேண்டும். "மன்னிச்சிக்கோங்க, நீங்க சொல்றதுக்கு முன்னாடியே எழுதிட்டேன்" என்று நான் வாயால் சொல்ல வேண்டும். அதற்குள் அடுத்த அசைவுக்கு "ஆறரை" என்றார். ஆறரை எழுதினேன். குறிப்புக் கட்டத்தில் 'சீரான ஓட்டம்' என்று அவர் சொன்னதையே எழுதினேன், எண்ணை மட்டும் விட்டுவிட்டேன். முடிவில் படிக்காமலே கையெழுத்திட்டார். அடுத்த குதிரை வாசலில் நின்றது.

பதினொன்றரைக்குப் பலகையில் ஒட்டினார்கள். அறுபத்து மூன்றரை கூட இல்லை. ஏழு போட்டிருந்தால் சரியாக அறுபத்தைந்து.

டெலித் அதைப் படிப்பதை டீ மேசையிலிருந்து பார்த்தேன். முறையீடு செய்ய அரை மணி நேரம் உண்டு. பத்தடி நடந்தால் போதும். நான் கேக் தின்றுகொண்டிருந்தேன். எழுதவே கூசுகிறது, ஆனால் அதைத்தான் செய்தேன். செவ்வாய்க்கிழமை மலைச் சவாரிக்காரன் வண்டியோடு வந்தான்.

7

முடிவு அ: நான் உண்மையைச் சொல்கிறேன், டெலித் குதிரையை மீட்கிறாள்.

ஆகாது. இலையுதிர் காலத்தில் சவாரிக்காரன் அதைச் சந்தையில் தள்ளிவிட்டான். வாங்கியவன் யார் என்று எமிருக்கும் தெரியாது, விசாரித்தும் பார்த்துவிட்டேன்.

முடிவு ஆ: டெலித் வேறொரு கோபைப் பழக்கி, எல்லார் மூக்கையும்—

பொய். அவள் அதன் பிறகு சேணத்தில் ஏறவே இல்லை.

முடிவு இ நடந்தது. போன வியாழக்கிழமை ரத்த அழுத்த மருந்துச் சீட்டுக்கு என் மேசைக்கு வந்தாள்.

"அன்னிக்கு கார்ல எழுதினது நீதானே கண்ணு?"

"ஆமா."

"அந்தத் தாள் இன்னும் எங்கிட்ட இருக்கு. 'சீரான ஓட்டம்'னு போட்டுட்டு அஞ்சு குடுத்துருக்காங்க. ரொம்ப நாள் மண்டைய ஒடச்சிக்கிட்டேன். அப்புறம்தான் புரிஞ்சுது. கோப் எவ்ளோ நல்லா ஓடினாலும் அஞ்சுதான் போலருக்கு."

நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன்.

"அந்தம்மா மேல கோவமில்ல. நாந்தான் டம்ப்ளிங்கிட்ட இல்லாதத இருக்குன்னு நெனச்சி, நாலு வருஷம் பாவம் அவனப் போட்டு வருத்தியிருக்கேன். வண்டிக் குதிரையப் போயி." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப மனசு ஆறிடுச்சு. எமிர் சொன்னது சரிதான்."

"மருந்து ரெண்டு நாள்ல வந்துரும்" என்றேன்.

8

சொன்னால் ஆறிய மனசு கிழியும், குதிரையும் வராது. சொல்லாவிட்டால் டம்ப்ளிங்கிடம் ஒன்றும் இருந்ததில்லை என்றே அவள் சாகும்வரை நம்புவாள். இருந்தது. நான் பார்த்தேன், நடுவரும் பார்த்தார்.

எது சரி என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள், எனக்குத் தெரியவில்லை. இதைத் தமிழில் எழுதியதற்காகவும் என்னைப் பாராட்ட வேண்டாம். டெலித்துக்குத் தமிழ் தெரியாது.