ஃப்ரிட்ஜுக்குப் போட்ட பூட்டு

பூட்டுக்காரருக்குத் திறக்க வராத பூட்டு அந்த வட்டாரத்தில் கிடையாது. கார் கதவு, ஆபீஸ் லாக்கர், எவனோ கோபத்தில் சாவியைச் சாக்கடையில் வீசிவிட்ட பீரோ, எல்லாம் அவரிடம்தான் வரும். நாலடிக்கு நாலடி கடை, ஒரு சாவி வெட்டும் மெஷின், நகக்கண்ணில் எந்நேரமும் பித்தளைத் தூள். அப்பேர்ப்பட்ட கைகாரர், பெற்ற பெண்ணுக்குப் பயந்து சொந்த வீட்டு ஃப்ரிட்ஜில் கொண்டி அடித்துப் பூட்டுப் போட்டார்.

பெண்ணுக்கு அப்போது ஏழு வயது. இரண்டு வயதிலேயே ஊதத் தொடங்கியவள். தட்டைக் காலி செய்த அரை மணியில் "பசிக்குதுப்பா" என்று வந்து நிற்பாள். பொய், வெறும் நாக்கு ருசி என்பார் இவர். "மூட்டை" என்று முதலில் கூப்பிட்டவரும் இவர்தான். தெரு அப்புறம்தான் பிடித்துக்கொண்டது. பாசத்தில் சொன்னாராம். நல்ல பாசம் போங்கள்.

பசியோடு தாகமும் இருந்தது. சொம்பு சொம்பாகக் குடிப்பாள், படுக்கையை நனைப்பாள். குடிப்பதால்தானே நனைக்கிறாள் என்று, பொழுது சாய்ந்தால் தண்ணீர் கிடையாது எனச் சட்டம் போட்டார். குளியலறைக் குழாயில் வாய் வைத்துக் குடித்தவளைக் கையும் களவுமாகப் பிடித்த பிறகு, தினமும் மாலையில் மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டி வால்வையே அடைத்துவிட்டு வந்தார். அவள் அம்மா இருந்தவரை மல்லுக்கு நின்று பார்த்தாள். அவளும் போய்ச் சேர்ந்த பிறகு கேட்க நாதியில்லை.

இப்போது பெண்ணுக்கு இருபத்திரண்டு. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், டயாலிசிஸ் மெஷினோடு கட்டிப்போட்ட மாதிரி கிடக்கிறாள். பூட்டுக்காரர் தன் சிறுநீரகம் ஒன்றைத் தருகிறேன் என்றார். டெஸ்ட் எல்லாம் பொருந்திவிட்டது. பெண்தான் பிடிகொடுக்கவில்லை. அவள் வாயால் சம்மதம் சொல்லாமல் ஆபரேஷன் கிடையாது.

"வேண்டாம்ப்பா. என்னோடதைத் தின்னுதின்னே கெடுத்துட்டேன். உங்களோடதையும் வாங்கிக் கெடுக்கணுமா?" என்பாள். எத்தனை முறை கேட்டாலும் இதே பதில்.

அன்று காலை டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஜீன் டெஸ்ட் ரிசல்ட் வந்திருக்கு. பொறந்தப்போ கால்ல ஆறாவது விரல் இருந்துச்சுன்னீங்க, இருட்டுல தடுமாறுறாங்க, அதான் சந்தேகப்பட்டேன். இது பிறவிக் கோளாறு. வயிறு நிறைஞ்சாலும் போதும்னு மூளைக்குத் தெரியாது. எடை ஏறுனதும் அதனாலதான், சிறுநீரகம் கெட்டதும் அதனாலதான். பாதி உங்ககிட்டருந்து வந்தது, பாதி அவங்க அம்மாகிட்டருந்து. உங்ககிட்ட ஒரு பங்குதான் இருக்கு, அதனால உங்களுக்கு நோய் இல்ல. தாராளமா கொடுக்கலாம்."

பூட்டுக்காரர் தலையாட்டினார்.

"சின்ன வயசுல தண்ணி நிறையக் குடிச்சிருப்பாங்களே? இவங்க சிறுநீரகத்துக்குத் தண்ணியைப் பிடிச்சு வைக்க வராது, எல்லாம் வெளியே போயிடும். அந்த வயசுல கேக்கக் கேக்கக் கொடுக்கணும். உடம்பு வறண்டா இன்னும் கெடுதல்."

"கொடுக்கலைன்னா?"

"அதனால எவ்வளவு கெட்டுதுன்னு யாராலயும் அளந்து சொல்ல முடியாது. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்," என்று மென்று விழுங்கினார். பெண்ணிடம் தானே சொல்வதாகக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தார். மாடிப்படியில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஜீன் விஷயத்தை மட்டும் சொன்னால் போதும், பெண் இறங்கி வந்துவிடுவாள். தண்ணீர் விஷயத்தையும் சொன்னால் முகத்தில் காறித் துப்பினாலும் துப்புவாள். உயிரா, உண்மையா? எந்த அப்பன்தான் யோசிக்க மாட்டான்?

மெஷின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, முதல் பாதியைச் சொன்னார்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "அப்போ எனக்கு நெஜமாவே பசிச்சுதா?"

"ஆமாம்மா."

"நான் பொய் சொல்லலையா?"

"இல்ல."

ஊசி குத்தாத கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். குலுங்கியதில் மெஷின் கத்த, நர்ஸ் வந்து நிறுத்திவிட்டுப் போனாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரிப்பா. வாங்கிக்கறேன்," என்றாள்.

வந்த காரியம் முடிந்தது. மனுஷன் அத்தோடு எழுந்து போயிருக்கலாம். ஆனால் எழவில்லை. அவள் இத்தனை வருஷம் சுமந்ததை இறக்கிவைத்துவிட்டு அழுகிறாள். அவர் மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி எப்படி உட்கார்ந்திருப்பது? தாகம் ஏன் எடுத்தது என்பதைச் சொன்னார். குடிக்க விட்டிருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதையும் சொன்னார். தலையை நிமிர்த்தவேயில்லை.

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை.

"டாக்டர்கிட்ட வால்வு விஷயத்தைச் சொன்னீங்களா?"

"இல்ல."

"சொல்ல வேண்டாம்." போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு மீதியைச் சொன்னாள். "சிறுநீரகத்தை வாங்கிக்கறேன். எனக்கு வாழணும்னு ஆசையா இருக்கு. ஆனா ஆபரேஷன் முடிஞ்சதும் சித்தி வீட்டுக்குப் போயிடுவேன். நீங்க அங்க வரக்கூடாதுப்பா. எப்பவுமே."

அவர் சரி என்றார்.

டாக்டர் அறைக்குப் போய், பொண்ணு சம்மதிச்சுட்டா என்றார். டாக்டருக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. எழுந்து வந்து இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்படி ஒரு அப்பா கிடைக்க உங்க பொண்ணு கொடுத்து வச்சிருக்கணும்," என்றார்.

பூட்டுக்காரர் கையை உருவிக்கொள்ளத் தோன்றாமல் நின்றார்.