சேலைக்கு அடியில்

சாலையெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டு மறியல். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வண்டி போகவில்லை, பஸ் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. ஊர் ஆம்பளைகள் ஒருத்தர் பாக்கியில்லாமல் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். மாடு, கரும்பு, அடுப்பு எல்லாம் இருசம்மாள் தலையில் விழுந்தது. ஒதுக்கீடு வந்தால் இடுப்பு வலி போய்விடுமா என்று அலுத்துக்கொண்டே அடுப்பெரிக்கக் காய்ந்த கரும்பு இலைச் சோகைக் கட்டை இழுத்தாள். உள்ளேயிருந்து ஈரத்துணி ஒன்று விழுந்தது. அவளுடைய பழைய சேலைக் கிழிசல்தான். அலசியும் கறை போகவில்லை.

வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? எட்டாவது படிக்கும் சின்ன மகள் அமிர்தம்தான்.

"எப்பலேர்ந்துடி?"

"பள்ளிக்கூடம் தொறந்தப்பவே." அமிர்தம் தரையைப் பார்த்தாள். "அங்க பின்னால வேலியில காயப் போடுவேன். இப்பதான் பள்ளிக்கூடம் இல்லியே."

இருசம்மாள் கையை ஓங்கிவிட்டாள். அடிக்கத்தான் தெம்பில்லை. பால்குடியில் பசித்தால் தெருவையே கூட்டிய பெண் இது. முட்டி சிராய்த்தால் ஓடி வந்து காட்டும். பல் விழுந்தால் உள்ளங்கையில் ஏந்தி வரும். அக்கா வெல்லம் திருடியதை அப்பனிடம் சொல்லி உதை வாங்கிக் கொடுக்கும். ஓட்டைவாய் என்றே வீட்டில் பெயர். உதிரம் பார்த்துப் பயந்த அன்றுகூட அம்மாவிடம் வரவில்லையே! அதைத்தான் தாங்க முடியவில்லை.

"என்கிட்டகூட சொல்லத் தோணலியாடி?"

"சொன்னா மாமா வந்து ஓலையில குடிசை கட்டுவாரு. சீர் வரும். அப்புறம் அக்காவ மாதிரி வூட்டுலயே குந்த வெச்சிடுவீங்க."

மூத்தவளுக்கு இப்போது இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று.

பொழுது சாயக் கணவன் கண்ணாயிரம் சோற்றுக்கு வந்தான்.

"மறியல் எப்பங்க முடியும்?"

"அவ்ளோ சுளுவா? நம்ம புள்ளைங்க படிச்சு ஆபீஸ்ல குந்தணும்னா சும்மா கெடைக்குமா?"

"அமிர்தமும் படிக்குதே."

கண்ணாயிரம் சோற்றைப் பிசைந்தபடி சிரித்தான். "படிக்கட்டும். வயசுக்கு வர்ற வரைக்கும் யாரு வேணாம்னது? ஒன் தம்பி வேற சீர் செய்யக் காத்துக்கினு கெடக்கறான். ஆமா, இன்னும் ஒண்ணும் இல்லியே?"

தண்ணீர்ச் செம்போடு வந்த அமிர்தம் அப்படியே நின்றாள்.

"அது கொழந்தைதாங்க," என்றாள் இருசம்மாள். "இன்னும் நாளாவும்."

இந்தப் பொய்யை எத்தனை நாள் இழுப்பது என்று நினைக்கவே அசதியாக இருந்தது.

விடிந்ததும் அவன் சாலைக்குப் போனான். இருசம்மாள் அந்தத் துணியைச் சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் விரித்து, மேலே தன் சேலையைப் போட்டாள்.

"சோகைக்குள்ள வெச்சா காயாது, புண்ணாயிடும். இனிமே இப்படிப் போடு."

ஓட்டைவாய் அம்மாவின் பக்கத்தில் வந்து நின்று, உள்ளே இருப்பது தெரியாதபடி சேலை நுனியை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டாள்.