மருந்து அறைச் சாவி

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தேன்கூடைகளையும் மூங்கில் குழல்களையும் சேஷன் தன் கையாலேயே எடுத்துத் தள்ளுவண்டியில் அடுக்கினார். "ஜல்தி, பையா, ஜல்தி" என்று கடைநிலை ஊழியனை விரட்டினார். வண்டு விழுந்துவிட்டதாம். ஒரு கூடையின் அடியில் இருந்த பழைய துளைதான் அதற்கு அத்தாட்சி. அது காட்டிலேயே விழுந்த துளை என்பது அவருக்கும் தெரியும். ஆனால் சாமான்களைப் பராமரிக்கும் அவரே பூச்சி என்று சொல்லிவிட்டால் டெல்லியின் அந்த மியூசியத்தில் டைரக்டர்கூட மறுத்துப் பேசமாட்டார். புகைமருந்து அறையில் வைத்துப் பூட்டினால் நாலு நாள் யாரும் திறக்கக் கூடாது. சேஷன் பூட்டினார். மருந்து மட்டும் வைக்கவில்லை. நல்ல சாமானுக்கு மருந்து வைக்க அவருடைய தொழில் புத்தி இடம் கொடுக்கவில்லை. சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டதும் மனசு குளிர்ந்தது.

பொறாமைதான். வேறு நல்ல பெயர் வைத்து மழுப்ப வேண்டியதில்லை. அவர் தலை நரைக்கும்வரை இங்கே பாசிமணிகளுக்குத் தூசி தட்டியிருக்கிறார். நேற்று வந்த ராஜசேகரன் ஒரு மலைக்குப் போய் நாலு கூடையோடு திரும்பினான், பேப்பரில் படம் வந்துவிட்டது. "பார்த்தேளா? என்ன களையா இருக்கான்!" என்று அவர் மனைவி ஜலஜா லோதி ரோடு குவார்ட்டர்ஸ் முழுக்கக் காட்டினாள். தன் புருஷன் படம் ரேஷன் கார்டில்கூட இல்லையே என்று அவளுக்குத் தோன்றவில்லை. அன்று இரவு சேஷன் அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தன் மழைக்காலச் செருப்பைச் சுற்றி வைத்தார்.

ராஜசேகரன் செய்தது சின்ன வேலையல்ல. அது வேறு சேஷனுக்கு வயிற்றெரிச்சல். வெள்ளைக்காரன் காலத்தில் ஓர் அதிகாரி அந்த மலைத்தொடர் முழுக்க ஏறி, ஆட்களின் தலையை அளந்து, சாமான்களைப் பெட்டி பெட்டியாக அனுப்பிவைத்தான். ஒரு சரிவில் மட்டும் மழைக்கு அட்டை அதிகம் என்று ஏறாமல் திரும்பிவிட்டான். அவன் புத்தகத்தில் இருந்தவர்கள் சர்க்கார் பட்டியலில் பழங்குடி ஆனார்கள். அட்டைக்கடிச் சரிவுக்காரர்கள் யாருமே ஆகவில்லை. காட்டில் விறகு எடுத்தாலும் அவர்கள் மேல் திருட்டுக் கேஸ். அந்த விடுபட்டவர்களின் சாமான்களைத்தான் ராஜசேகரன் கொண்டுவந்திருந்தான். அவர்களைப் பட்டியலில் சேர்க்கலாமா என்று அமைச்சகத்திலிருந்து இன்று அதிகாரி வந்து பார்த்துக் குறிப்பெழுதப் போகிறார்.

அதிகாரி வந்தார். சாணக்யபுரி விருந்தினர் விடுதியிலிருந்து மலைக்காரர் அப்பாவுவையும் மனைவி செல்லம்மாளையும் ராஜசேகரன் அழைத்து வந்திருந்தான். பெரிய இடத்துக்குப் போகிறோமே என்று அப்பாவு வனக்காவலரிடம் டெரிலின் சட்டை இரவல் வாங்கிப் போட்டிருந்தார். ரயிலில் கற்றுக்கொண்ட "நமஸ்தே சாப்!" என்பதைக் கூடம் அதிரச் சொன்னார்.

பழங்குடி என்றால் வெளி ஆட்களிடம் கூச்சம் இருக்க வேண்டும் என்பது சர்க்கார் வைத்திருந்த அடையாளங்களில் ஒன்று. அதிகாரி சட்டையைப் பார்த்துச் சிரித்தார். "இவருக்கா கூச்சம்? சரி, தனிப் பண்பாட்டுக்கு அத்தாட்சியாக ஏதாவது காட்டுங்கள்" என்று இந்தியில் கேட்டார். ராஜசேகரன் காலிப் பெட்டியைப் பார்த்து வெளுத்துப்போனான்.

"சேஷன் சார், காலைல இருந்துச்சே சார்!"

"பூச்சி யாரைக் கேட்டுண்டு வரும், ராஜசேகரன்? நாலு நாள் ஆகும்."

"குறிப்பை இன்றைக்கே கொடுத்தாக வேண்டும்" என்று சொல்லிவிட்டு அதிகாரி டைரக்டர் அறைக்கு டீ குடிக்கப் போனார். ராஜசேகரன் கெஞ்சிக்கொண்டே பின்னால் ஓடினான். அவன் ஓடிய அழகைப் பார்த்து சேஷனுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

"எங்க சாமான் இருந்தா எழுதிருப்பாங்களா சாமி?"

செல்லம்மாள் பக்கத்தில் நின்றிருந்தாள். அவர் பதில் சொல்வதற்குள் அவள் கை கொண்டைக்குப் போயிற்று. அப்பாவு சட்டென்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கல்யாணத்தன்று மாப்பிள்ளை தன் கையால் செதுக்கிப் பெண்ணின் கொண்டையில் செருகும் மூங்கில் சீப்பு அது. அவன் உயிரோடு இருக்கும்வரை அந்நியர் முன்னால் எடுக்கக் கூடாது. ராஜசேகரன் கொண்டுவந்த கூடைகளுக்கு நடுவே ஒரு சீப்புகூட இல்லாதது அதனால்தான். அவள் அதை உருவினாள். கூந்தல் முதுகில் சரிந்தது.

"இதக் கண்ணாடிக்குள்ள வச்சிருங்க சாமி. ராசசேகரய்யா பேரு கெட்டுறக் கூடாது. எங்களுக்காவ அட்டக்கடி பட்டு ஏறி வந்தவரு."

அப்போதும் அவனுக்காகத்தான். சேஷனுக்கு நெஞ்சு எரிந்தது. இத்தனை வருஷத்தில் தனக்காக யாரும் ஒரு பொத்தானைக்கூடக் கழற்றித் தந்ததில்லை.

அவர் கையில் அவள் வைத்த சீப்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது, ஒரு நரைமுடியும் சிக்கியிருந்தது. பூட்டிய அறை பத்தடியில்தான் இருக்கிறது. திறந்தால் அந்த ஜனங்கள் பிழைத்தார்கள், ராஜசேகரனும் ஜெயித்தான். சேஷன் இன்னொரு கையைக் கோட்டுப் பைக்குள் விட்டு சாவியைப் பிடித்தார். டைரக்டர் அறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. காலிப் பெட்டியின் கண்ணாடியில், சுவரைப் பார்த்து நிற்கும் டெரிலின் சட்டையும், கூந்தலை இரு கைகளாலும் அள்ளிப் பிடித்தபடி அவரையே பார்த்து நிற்கும் செல்லம்மாளும் தெரிந்தார்கள்.